மோட்டார் ரூம் பக்கத்துப் பேய்மிரட்டி

போன மார்கழியில் எனக்கு நெஞ்சில் சளி கட்டி, பத்து நாள் எழுந்திருக்க முடியவில்லை. இருமி இருமி விலாவெல்லாம் வலி. ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசற்படியில் ஒரு எவர்சில்வர் டம்ளர். மேலே சின்னத் தட்டு மூடியிருந்தது. பூனை தள்ளிவிடக் கூடாது என்று தட்டின் மேல் ஒரு ஜல்லிக்கல். எடுத்துப் பார்த்தேன். கற்பூரவள்ளி இலையைக் கொதிக்கவைத்து மிளகு தட்டிப் போட்ட கஷாயம். இன்னும் சூடு ஆறவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். டூட்டி முடிந்து அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றினார். யார் வைத்தது என்று கேட்டேன். "செவ்வா, வெள்ளி ஒரு நாள் உடாம கும்புடுறியே. ஆத்தாவே கசாயம் வெச்சி எட்த்துகினு வந்துட்டா போல, குடி" என்றார். அவர் கிண்டலுக்குச் சொன்னார். நான் நிஜமாகவே கண்ணில் ஒற்றிக்கொண்டு குடித்தேன்.

மூன்று நாள் அப்படியே டம்ளர் வந்தது. நாலாவது நாள் சீக்கிரம் எழுந்து கதவிடுக்கில் பார்த்தேன். கடைசி வீட்டு அனுசுயா, கம்பெனி வேனுக்கு ஓடுகிற அவசரத்தில் குனிந்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் கதவைத் திறந்ததும் தப்புப் பண்ணி மாட்டிக்கொண்டவள் போல முழித்தாள்.

"நீ இருமுறது செவுத்துல கேக்குதுக்கா. எனக்கும் தூக்கம் வரல, அதான்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். என் இருமல் அவளுக்குக் கேட்டது. அவள் பயந்தது மட்டும் எனக்குக் கேட்கவே இல்லை.

முத்தாபுதுப்பேட்டையில் மெயின் ரோட்டைவிட்டு உள்ளே வந்தால் எங்கள் லைன் வீடு. எதிரும் புதிருமாக எட்டு வீடு. கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக இரண்டு பாத்ரூம், அதற்குப் பக்கத்தில் மோட்டார் ரூம். பாத்ரூமுக்கு மேலே ஷீட் கிடையாது. வானம் தெரியும். பின்னால் காம்பவுண்டுச் சுவர், சுவர் இடிந்த இடத்தில் ஒரு வழி, அதைத் தாண்டினால் யாரோ வாங்கிப் போட்டு ஊரைவிட்டுப் போன பெரிய காலி மனை. முள்ளும் புதருமாக இருக்கும். ஏரோப்ளேன் மேலே போனால் அந்தப் புதரே நடுங்கும்.

அனுசுயாவுக்கு முப்பத்தெட்டு வயசு இருக்கும். சொந்த ஊர் செம்பரம்பாக்கம் பக்கம். அவள் அம்மா அப்பா நாற்று நட்ட நிலமெல்லாம் இப்போது குடோன். வீட்டுக்காரர் தவறிப்போய் நாலு வருஷம் ஆகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. ஒரே பெண், ராதிகா, பத்தாவது படித்தாள். காலையில் ஆறரைக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று ஐந்து மணிக்கே குளிக்கப் போவாள்.

மோட்டார் போடுவது செல்வகுமார். வீட்டு ஓனர் சம்பத் அண்ணனுடைய தம்பி மகன். காலையில் ஐந்தேகாலுக்கு ஒரு தடவை, சாயந்திரம் ஆறு மணிக்கு ஒரு தடவை. சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டே வருவான். நல்ல பையன் என்றுதான் லைனில் எல்லோரும் சொல்வோம். கேஸ் சிலிண்டர் வந்தால் தூக்கி உள்ளே வைப்பான். "அக்கா, தண்ணி வந்துச்சா? இன்னும் பத்து நிமிசம் உடவா?" என்று கேட்டுக் கேட்டு விடுவான். ஒரே ஒரு விஷயம், பயங்கொள்ளி. கையில் கறுப்புக் கயிறு, கழுத்தில் தாயத்து, பைக்கில் எலுமிச்சம்பழம். முதல் வீட்டு சரசா அவனைப் பார்த்தாலே, "இன்னா நைனா, இன்னிக்கு எத்தினி எலுமிச்சம்பயம் கட்டிகினு வந்துகீற? ஜூஸ் போட்டுடலாமா?" என்று ஓட்டுவாள். அவனும் சிரிப்பான். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன ஆனி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அனுசுயா காலி மனைக்குள் போய், மண்ணோடு செடி பெயர்த்துக்கொண்டு வந்தாள். கையெல்லாம் முள் கீறல். பெயிண்ட் பக்கெட்டில் இரண்டு, மோட்டார் ரூமுக்கும் பாத்ரூம் சுவருக்கும் நடுவில் தரையில் ஆறு, நெருக்கமாக நட்டாள். இடுப்பு உயரச் செடி. சாம்பல் பூத்த பச்சையில் தடித்த இலை, வெல்வெட்டு மாதிரி. நுனியில் ஊதாவாகப் பூ அடுக்கு. தள்ளி நின்றாலே மூக்கில் ஏறுகிற வாசனை. துளசி, தும்பை எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளைகள் என்றால், இது அந்த வீட்டில் குரல் பெரிசான பிள்ளை. பேய்மிரட்டி.

நான் துளசி வைத்துக் கும்பிடுகிறவள். பேய்மிரட்டி தீட்டுக்குப் புகை போடவும், குழந்தைகளுக்குச் சீர் தட்டி வயிற்றால் போனால் கஷாயம் வைக்கவும்தான் வீட்டுக்குள் வரும். நட்டு வளர்த்து நான் பார்த்ததில்லை.

"ஏம்மா, வாசல்ல ஒரு தொளசி வெக்கக் கூடாதா? இத்தப் போயி வெக்கிற?" என்று கேட்டேன்.

அவள் மண்ணை மிதித்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தாள். நேராகப் பார்த்தாள். "இத்தான் வேணும்க்கா. இங்க ஒண்ணு வந்துகினு கீது."

"இன்னாது?"

"ராதிகா பாத்தா. வெடியகாலைல, செவுத்து மேல. ரெண்டு கண்ணு."

வீட்டுக்குப் போய் விபூதி வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அன்று சாயந்திரமே சரசாவிடம் சொன்னேன். "யார்கிட்டயும் சொல்லாத" என்று சொல்லித்தான் சொன்னேன். சரசா செடியை போட்டோ பிடித்து லைன் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். கீழே, "எல்லாரும் ஜாக்கிரதை" என்று எழுதியிருந்தாள்.

எங்கள் ஆட்களின் புத்தி அப்படி. அந்தச் செடி இருந்தால் பேய் அண்டாது என்று யாருமே நினைக்கவில்லை. சரசா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "பேய் இல்லாத எடத்துல பேய்மிரட்டிக்கு இன்னா வேல?" அது எங்கள் எல்லோருக்கும் சரியாகவே பட்டது. எலி இல்லாத வீட்டில் எலிப்பொறி யார் வைப்பார்கள்? செடி எட்டு என்றால், எட்டுச் செடிக்கு ஏற்ற பேயாகத்தான் இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயந்திரம், ஆறு மணி இருக்கும். மேகம் மூட்டி இருட்டிக்கொண்டு வந்தது. அனுசுயா மோட்டார் ரூம் வாசலில் ஒரு அகலில் எண்ணெய் விட்டு, பேய்மிரட்டி இலையைச் சுருட்டித் திரியாகப் போட்டுப் பற்றவைத்திருந்தாள். பார்த்தவர்களுக்குத் தெரியும், பஞ்சு கிடையாது, நூல் கிடையாது, அந்தப் பச்சை இலையே நின்று எரியும். எண்ணெய் இருக்கிற வரைக்கும் இலை பச்சையாகவே நிற்கும். செல்வகுமார் சாவியைச் சுற்றிக்கொண்டு வந்தான். மூலை திரும்பினான். சாவிக்கொத்து கீழே விழுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தவன் நடக்கவில்லை, ஓடினான்.

"இன்னா அண்ணாத்தே, மோட்டார் போட்டியா?" என்று சரசா கத்தினாள்.

"கரண்ட் இல்ல!" என்று ஓடிக்கொண்டே சொன்னான். எங்கள் எல்லோர் வீட்டிலும் லைட் எரிந்துகொண்டிருந்தது.

சிரித்தோம். ஆனால் சிரித்து முடித்ததும் யாரும் தனியாக பாத்ரூம் பக்கம் போகவில்லை. விழுந்த சாவியை எடுத்துவரக்கூட ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் எங்கள் வீட்டுக்காரர்தான் முருகா முருகா என்று போய் எடுத்துவந்து சம்பத் அண்ணனிடம் கொடுத்தார். அதிலிருந்து செல்வகுமார் உச்சி வெயிலில் மட்டும் வந்து மோட்டார் போட்டுவிட்டுப் போவான். விடிகாலை வருவதில்லை, சாயந்திரமும் வருவதில்லை. காலையில் டேங்கில் தண்ணீர் இருக்காது. எல்லோருக்கும் அனுசுயா மேல் எரிச்சல்.

அனுசுயா மட்டும் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தாள். வெள்ளிக்கு வெள்ளி இலை விளக்கு வைத்தாள். எனக்கு அது கூடப் பயமாகத்தான் இருந்தது. இவள் எதையோ கூப்பிடுகிறாளோ, ஓட்டுகிறாளோ, தெரியவில்லையே என்று விடிகாலை நாம ஜபத்தை இன்னும் கால் மணி நேரம் கூட்டினேன்.

ஆடி பிறந்தது. சரசா மகனுக்கு மூன்று நாள் காய்ச்சல். அனுசுயாவுக்கு எதிர்வீட்டு சுதாவுக்கு, கல்யாணமாகி ஆறு மாசம்தான் ஆன பெண், உண்டாகி இரண்டாம் மாசத்தில் கலைந்துவிட்டது. நாய் ஒன்று தினமும் மோட்டார் ரூமைப் பார்த்தே ஊளையிட்டது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கோர்க்க எங்களுக்கு நேரம் ஆகவில்லை. பேச்சு மெதுவாகச் செடியை விட்டு ராதிகா பக்கம் திரும்பியது.

அந்தப் பெண் ரொம்ப இளைத்துவிட்டிருந்தாள். யாரோடும் பேசுவதில்லை. குளிக்கப் போனால் அம்மா வெளியே நின்றால்தான் போவாள். கம்பெனி விட்டு அம்மா வருகிற வரைக்கும் கதவைத் தாழ்போட்டு, ஜன்னலையும் சாத்திக்கொண்டு, ஃபேன் கூடப் போடாமல் உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால் தூக்கிவாரிப் போடும்.

"பேயக் கண்ணால பாத்தவ அவ ஒருத்தி தானே. அது அவ மேலயே ஏறிகினு கீது" என்றாள் சரசா. "எங்க மாமியா ஊட்ல வேம்புலியம்மான்னு ஒர்த்தங்க. அருள்வாக்கு சொல்லுவாங்க. வெள்ளிக்கெயம கூட்டிகினு வரலாம்."

சம்பத் அண்ணன் சரி என்றார். லைனுக்குப் பேய் வீடு என்று பேர் வந்துவிட்டால் யார் குடிவருவார்கள் என்பது அவர் கவலை. செல்வகுமார்தான் எல்லோரையும்விட ஆர்வமாக இருந்தான். "பெரிப்பா, பேய ஓட்டிட்டு, அந்தச் செடிய மொத்தமா புடுங்கிப் போட்டு, அந்த எடத்த சுத்தம் பண்ணிடணும். அப்பதான் நான் மின்ன மாரி காலைல வந்து மோட்டார் போட முடியும்" என்றான். தண்ணீர் கஷ்டத்தில் இருந்த எங்களுக்கு அது நல்ல யோசனையாகவே கேட்டது.

வியாழக்கிழமை சாயந்திரம் நான் விளக்குத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அனுசுயா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். வேனிலிருந்து இறங்கி நேராக வந்திருக்கிறாள். டிபன் பை தோளிலேயே இருந்தது.

"அக்கா, நாளைக்கு அந்தம்மா வந்தா பொண்ண அடிப்பாங்களா?"

"வேப்பிலைல தட்டுவாங்கடி. சில பேரு..." என்று சொல்லவந்து நிறுத்திக்கொண்டேன். நான் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். பிரம்பும் பார்த்திருக்கிறேன்.

அவள் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். "அக்கா, பேயி இல்லக்கா. நான் கெளப்பி உட்டது."

தேய்த்துக்கொண்டிருந்த விளக்கைக் கீழே வைத்தேன்.

"ராதிகா பேயின்னு தான் நெனச்சா. காலைல குளிச்சிகினு இருந்தவ சோப்பு கூட போவாம ஓடியாந்தா. செவுத்து மேல ரெண்டு கண்ணு தெர்தும்மான்னு. நானும் பேயின்னு தான் நடுங்கினேன். அப்புறம் அவ சொல்றா, அம்மா, சாவி சத்தம் கேட்டுச்சும்மான்னு. பேயிக்கு எதுக்குக்கா சாவி?"

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரியே கேட்டேன். "யாருடி?"

"மோட்டார் ரூம் பக்கமா ரெண்டு ஹாலோபிளாக் கல்லு ஒண்ணு மேல ஒண்ணு கெடந்துச்சே, பாத்தியா நீ? அது மேல செருப்புத் தடம். அந்தக் கல்லச் சுத்தி தான் செடி நட்டேன். ஏறி நிக்க முடியாத மாரி."

பார்த்திருக்கிறேன். எத்தனையோ தடவை அந்தக் கல்லைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஒயர் பார்க்க ஏறி நிற்கிறான் என்று நினைத்தேன். இல்லை, நினைத்தேன் என்று சொல்வதும் பொய். எதற்கு என்று கேட்டுக்கொள்ளவே இல்லை.

"வாயத் தொறந்து சொல்ல வேண்டியது தானே?"

"யார்கிட்டக்கா? அவன் ஓனர் ஊட்டுப் புள்ள. உங்களுக்கெல்லாம் தண்ணி உடறவன். நான் புருசன் இல்லாதவ. சொன்னா இன்னா சொல்வாங்க? நீ ஏன் அந்த நேரத்துல பொண்ண குளிக்க அனுப்புறன்னு கேப்பாங்க. அவ ஸ்கூலுக்குப் போற வழியெல்லாம் பேசுவாங்க. அவன் எத்துக்குப் பயப்படுவான்னு யோசிச்சேன். மன்சனுக்குப் பயப்பட மாட்டான். பேயிக்குப் பயப்படுவான். அதான் செடி." கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "உன்கிட்ட சொன்னா லைன் பூரா போவும்னு தெரிஞ்சி தான் சொன்னேன். மன்னிச்சுக்கோக்கா. உன்ன மைக்செட் மாரி வெச்சிகினேன்."

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. என் வாய் அப்படிப்பட்ட வாய் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"இப்ப இன்னா பண்றதுக்கா? பேயி கீதுன்னா எம் பொண்ண அடிப்பாங்க. இல்லன்னா செடியப் புடுங்கிடுவாங்க. சனிக்கெயம காலைல அவன் வந்துடுவான்."

எனக்குச் சம்பத் அண்ணன் முகம் ஞாபகம் வந்தது. பதினோரு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறோம். "அம்மாவ நம்பு. அவ பாத்துப்பா" என்றேன். அனுசுயா என் விளக்குகளைப் பார்த்தாள். அப்புறம் பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை நாலரை மணி. லைன் நடுவில் கோலம் போட்டு, மஞ்சள் துணி விரித்து, சாமான்கள் வைத்திருந்தார்கள். வேம்புலியம்மாள் நான் நினைத்த மாதிரி பயங்கரமாக இல்லை. ஒல்லியாக, வெற்றிலை போட்ட வாயோடு, முழங்கால் வலி என்று ஸ்டூல் கேட்டு உட்கார்ந்தார்கள். ஆனால் உடுக்கைக்காரர் அடிக்க ஆரம்பித்ததும் அவர்கள் கண் மாறிவிட்டது. பக்கத்தில் வேப்பிலைக் கட்டு. அதற்கடியில் பிரம்பு, பாதி தெரிந்தது. செல்வகுமார் தேங்காய்த் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ராதிகாவைக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். ஸ்கூல் யூனிபார்மைக்கூட மாற்றவில்லை. சரசா அவள் பின்னலை அவிழ்த்து முடியை விரித்துவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டு அம்மா அம்மா என்றேன். அதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.

"யார்ரா நீ? எங்கேர்ந்து வந்த? எந்த நேரத்துல வந்த?" வேம்புலியம்மாள் முடியைக் கொத்தாகப் பிடித்தார்கள். இன்னொரு கை வேப்பிலைக்குப் போனது.

"அது எந்த நேரத்துல வரும்னு நான் சொல்றேம்மா."

அனுசுயாவின் குரல். உடுக்கை நின்றது. அவள் கூட்டத்துக்கு நடுவில் வந்து நின்றிருந்தாள். ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"காலைல அஞ்சேகாலுக்கு வரும். சாவி வெச்சிருக்கும். ரெண்டு கல்லு மேல ஏறி நிக்கும். பொம்பளைங்க குளிக்கிறப்ப செவுத்து மேல எட்டிப் பாக்கும். எம் பொண்ணு மேல ஒண்ணும் ஏறலம்மா. அது இங்க தான், தட்டு புடிச்சிகினு நிக்கிது."

எல்லோரும் திரும்பினோம். செல்வகுமார் தட்டைக் கீழே வைக்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. தேங்காய் உருண்டு மஞ்சள் துணியில் விழுந்தது.

"இன்னா பேசுற நீ? பெரிப்பா, பாரு பெரிப்பா, இவ இன்னா பேசுறான்னு!"

சம்பத் அண்ணன் பாய்ந்து வந்தார். "ஏய், தண்ணி உடற புள்ள மேல அபாண்டமா சொல்ற? உனுக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

அப்போது எதிர்வீட்டு வாசலில் யாரோ அழுகிற சத்தம். சுதா. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். "நானும் பாத்தேன். எங்க ஊட்டுக்காருகிட்ட சொன்னா அவரு என்னியத் தான் சந்தேகப்படுவாருன்னு..." அதற்கு மேல் வரவில்லை.

என் வாய் தானாகத் திறந்தது. குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "கல்லு கீது. செடிக்கு நடுவுல. நான் பாத்துகீறேன்."

வேம்புலியம்மாள் ராதிகாவின் முடியை விட்டுவிட்டார்கள். ஸ்டூலில் இருந்து மெதுவாக எழுந்தார்கள். கண் பழையபடி சாதாரணக் கண்ணாக ஆகியிருந்தது. தாம்பாளத்தில் மூன்று வில்லை கற்பூரத்தை வைத்துக் கொளுத்தி, செல்வகுமார் முகத்துக்கு நேராக நீட்டினார்கள்.

"பா, சண்டையெல்லாம் வாணாம். நீ ஏறல, பாக்கலன்னா, இத்தக் கைல அணைச்சி சத்தியம் பண்ணு. அவ்ளோ தான். நான் போய்க்கினே இருக்கேன்."

"இதுக்கெல்லாமா சத்தியம் பண்ணுவாங்க?"

"ஒரு தட்டு தட்டி அணைக்கிறது தானேப்பா."

கற்பூரம் உருகி எரிந்தது. அவன் கையைத் தூக்கினான். கறுப்புக் கயிறு கட்டின கை. நெருப்புக்கு ஒரு சாண் மேலே கொண்டுவந்தான். அங்கேயே நின்றது. மேலுதடு முழுக்க வியர்வை. நானும்தான் அவனை மாதிரி சாமிக்கும் பேய்க்கும் பயப்படுகிறவள். அந்தக் கை ஏன் இறங்கவில்லை என்று எனக்குத் தெரியாதா?

கையை இழுத்துக்கொண்டான். "பொட்டச்சிங்க கூத்துக்கெல்லாம் நான் ஆட முடியாது" என்று சொல்லிவிட்டு, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனான். பைக் போகிற சத்தம் கேட்டது.

சரசா ராதிகாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, முடியை மூன்றாகப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி ஆகவில்லை. சம்பத் அண்ணன் மறுநாள் வந்து, இனிமேல் அவன் வரமாட்டான், மோட்டாரைத் தானே போடுவதாகச் சொன்னார். கையோடு அனுசுயாவை வீடு காலி பண்ணச் சொன்னார். பேய் என்று புரளி கிளப்பி வீட்டுப் பேரையும் கெடுத்தாள், பெண் பார்க்கிற நேரத்தில் பிள்ளை பேரையும் கெடுத்தாள் என்று. ஆடி மாசம் என்பதால் ஆவணி பிறக்கிற வரைக்கும் இருந்துகொள்ளலாம் என்றார். அதை ஒரு பெரிய உபகாரம் மாதிரி சொன்னார். போலீசுக்குப் போகலாம் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். சுதாவின் புருஷன் வேண்டாம் என்றான். அனுசுயாவும், பொண்ணு பரீட்சை எழுதட்டும் அண்ணா, என்றாள்.

அந்த வாரத்தில் இரண்டு தடவை விடிகாலையில் பைக் சத்தம் கேட்டது என்று ராதிகா சொன்னாள். எனக்கும் கேட்டது. அவன் பைக்தானா என்று தெரியாது. யாரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

அனுசுயா ஆவணிக்குக் காத்திருக்கவில்லை. ஆடி இருபத்திரண்டாம் தேதியே நூம்பலில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். "ஆடில வீடு மாத்தக் கூடாதுடி" என்று சொன்னேன். "ஆடி ஒண்ணும் பண்ணாதுக்கா" என்று சொல்லிக்கொண்டே பாத்திர மூட்டையைக் கட்டினாள்.

சின்ன யானை வண்டியில் சாமான் ஏற்றினார்கள். பீரோ, கேஸ் ஸ்டவ், ராதிகாவின் புஸ்தகப் பெட்டி. செடியை எடுக்கவில்லை. ராதிகா முன் சீட்டில் ஏறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். சுதா வாசலில் நின்று பார்த்தாள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை. அந்த மூலைக்கு இனிமேல் அவள் வீடுதான் பக்கம்.

வண்டி கிளம்பப் போகும்போது அனுசுயா கீழே இறங்கி என்னிடம் வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சுதா பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, என் காதருகில் குனிந்து சொன்னாள்.

"அக்கா, நாளைக்கி காலைல மோட்டார் சத்தம் கேட்டா, யாரு போட்டாலும் செரி, எழுந்து வெளிய வந்து நில்லு. ஒண்ணும் பேச வாணாம். சும்மா நில்லு, போதும்."